கர்ப்பத்தில் ஃபைப்ராய்டு: 18 வார ரிப்போர்ட்டை வைத்து என்ன முடிவு செய்யலாம்?

#1 | துணைமையம்

ஃபைப்ராய்டுன்னா கர்ப்பப்பைத் தசையில் வளர்ற, புற்றுநோய் இல்லாத கட்டி. 18 வார ஸ்கேனில் அடிக்கடி கண்ணில் படுற மாதிரி ரிப்போர்ட் ஒண்ணு: "கர்ப்பப்பையின் முன்சுவரில், கீழ்ப்பகுதியை ஒட்டி 7.2 × 6.5 × 6.0 செ.மீ. இன்ட்ராமியூரல் ஃபைப்ராய்டு. நஞ்சு பின்சுவரில், மேலே. குழந்தை வளர்ச்சி வாரத்துக்குச் சரி." இன்ட்ராமியூரல்னா சுவருக்குள்ளேயே புதைஞ்சது, நஞ்சுன்னா நஞ்சுக்கொடி. முதல் கர்ப்பம், 31 வயசு, ஹீமோகுளோபின் 9.8ன்னு வச்சுக்குவோம்.

வீட்டில் கேட்கிறது மூணே கேள்வி. கட்டி குழந்தையை நசுக்குமா? இப்பவே எடுத்துடலாமா? நார்மல் டெலிவரி ஆகுமா? துணை சுகாதார நிலையத்தில் நமக்கு வேண்டியது வேற. எந்த அறிகுறிக்கு அன்னைக்கே வண்டி ஏத்தணும், எதை அடுத்த செக்கப் வரைக்கும் விடலாம், பிரசவத்துக்கு எந்த ஆஸ்பத்திரியை எழுதணும். ஸ்கேன், வார்டு, ஆபரேஷன் தியேட்டர் பக்கம் இருக்கிறவங்க எழுதுங்க.

#2 | கருப்புவெள்ளைத்திரை

முதல்ல அது ஃபைப்ராய்டுதானான்னு பார்க்கணும். ஸ்கேன் நடக்கும்போதே கர்ப்பப்பைச் சுவரில் ஒரு இடம் மட்டும் சுருங்கி நிற்கும். திரையில் அசல் கட்டி மாதிரியே உருண்டையா தெரியும். 20, 30 நிமிஷம் நடக்க விட்டுத் திரும்பப் பார்த்தா காணாமப் போயிருக்கும். சுருக்கம் பெரும்பாலும் உள்பக்கமாத்தான் புடைக்கும், வெளிக்கோடு மாறாது. ஃபைப்ராய்டு வெளிக்கோட்டையும் தள்ளும், ரத்த ஓட்டத்தைக் காட்டுற கலர் டாப்ளரில் அதைச் சுத்தி ரத்தக்குழாய் வளையம் கட்டியிருக்கும். அவசரத்தில் எடுத்த ஸ்கேனில் "புதுசா 5 செ.மீ. கட்டி"ன்னு வந்து அடுத்த ஸ்கேனில் இல்லாமப் போறதுக்குப் பாதி காரணம் இதுதான். கரைஞ்சுடுச்சுன்னு யாரும் கொண்டாட வேண்டாம்.

அடுத்தது அளவு. வீட்டில் எலுமிச்சை அளவு, மாங்காய் அளவுன்னு சொல்றதை வச்சு எதையும் ஒப்பிட முடியாது. மூணு பக்க அளவையும் பெருக்கி 0.52-ஆல் பெருக்கினா கன அளவு. உங்க மாதிரி ரிப்போர்ட்டில் அது சுமார் 146 கன செ.மீ. இதை ஏன் சொல்றேன்னா, 5 செ.மீ. உருண்டை 6 செ.மீ. ஆனா "ஒரு சென்டிமீட்டர்தானே"ன்னு தோணும். ஆனா கன அளவு 65-லிருந்து 112 ஆகியிருக்கும், முக்கால் பங்கு வளர்ச்சி. மறுபக்கம், ரெண்டு பேர் அளந்தா அரை சென்டிமீட்டர் வித்தியாசம் சாதாரணமாவே வரும். அதை வளர்ச்சின்னு எழுதக் கூடாது.

பெரும்பாலான ஃபைப்ராய்டு கர்ப்பம் முழுக்கப் பெரிய மாற்றம் இல்லாமத்தான் இருக்கும். வளர்றது பெரும்பாலும் முதல் மூணு மாசத்தில். "குழந்தை வளர வளர கட்டியும் வளரும்"ங்கிற பயத்துக்கு ஆதாரம் இல்லை.

ரிப்போர்ட்டில் இருக்க வேண்டியது, ஆனா பாதி ரிப்போர்ட்டில் இல்லாதது நாலு. கட்டியின் கீழ் விளிம்பிலிருந்து கர்ப்பப்பை வாயின் உள்துளை எத்தனை செ.மீ., நஞ்சு கட்டி மேல உட்கார்ந்திருக்கா, கட்டி உள்ளறையைத் தள்ளுதா, காம்பு இருக்கா. இந்த ரிப்போர்ட்டில் நஞ்சு எதிர்ச்சுவரில் இருக்கு, நல்லது. "கீழ்ப்பகுதியை ஒட்டி"ங்கிறதுதான் மொட்டையா நிக்குது. தூரம் கேட்டு வாங்குங்க.

#3 | தையல்நூல்

மேலே சொன்ன நாலில் எனக்கு முதல்ல வேண்டியது நஞ்சு. 7 செ.மீ. கட்டி எதிர்ச்சுவரில் இருந்தா நிம்மதியாப் பார்த்துக்கிட்டு இருக்கலாம். 4 செ.மீ. கட்டி நஞ்சுக்கு நேர் கீழே, உள்ளறைப் பக்கமா இருந்தா எனக்குத் தூக்கம் குறையும். கட்டிக்கு மேல உள்ள சவ்வுக்கு ரத்த ஓட்டம் குறைவு, நஞ்சு அங்கே சரியா வேர் பிடிக்காது. அதனாலதான் நஞ்சு முன்கூட்டியே பிரியும் ஆபத்து கூடுது. உள்ளறைக்குள் நீட்டிக்கிட்டு இருக்கிற சப்மியூகோசல் கட்டியில் ஆரம்பக் கருச்சிதைவும் ரத்தப்போக்கும் அதிகம். வெளிப்பக்கம் தொங்குற சப்சீரோசல் கட்டி குழந்தையைப் பொறுத்தவரை கிட்டத்தட்ட சும்மா. அதுக்குக் காம்பு இருந்தா முறுக்கிக்கும், அது தாயோட பிரச்சினை.

2008-ல் வந்த ஒரு தொகுப்பாய்வின் கணக்கைக் கையில் வச்சுக்கோங்க. ஃபைப்ராய்டு உள்ளவர்களில் நஞ்சு பிரிதல் சுமார் 3 சதவீதம், இல்லாதவர்களில் 0.9. குறைமாதப் பிரசவம் 16-க்கு 8.7. தலை கீழே வராத நிலை 13-க்கு 4.5. பிரசவத்துக்குப் பின் அதிக ரத்தப்போக்கு 2.5-க்கு 1.4. சிசேரியன் மட்டும் 48.8-க்கு 13.3. இந்தக் கடைசி எண்ணை அப்படியே நம்பாதீங்க. ஃபைப்ராய்டு உள்ளவங்க சராசரியா வயசு கூடினவங்க. அதோட, ரிப்போர்ட்டில் அந்தச் சொல்லைப் பார்த்ததுமே தேதி குறிக்கிற பழக்கமும் அந்த எண்ணுக்குள்ள இருக்கு.

வீட்டுக் கேள்விகளுக்கு: கட்டி குழந்தையை நசுக்குறது மிக அபூர்வம். இப்போ எடுக்கக் கூடாது. கர்ப்பத்தில் கர்ப்பப்பைக்குப் பாயுற ரத்தம் பல மடங்கு, வெட்டினா நிற்காது, கருவும் போகலாம். காம்பு முறுக்கினது, எதுக்கும் அடங்காத வலி, இந்த மாதிரி நிலைமைக்கு மட்டும் பெரிய ஆஸ்பத்திரியில் யோசிப்பாங்க. நார்மல் டெலிவரியா இல்லையான்னு 18 வாரத்தில் சொல்றவர் ஜோசியம் சொல்றார்.

#4 | ஏழாம்வார்டு

வலியைப் பத்தி எழுதறேன், அட்மிஷனில் பாதி அதுதான்.

5 செ.மீ.க்கு மேல உள்ள கட்டி, நாலாம் மாசத்திலிருந்து ஆறாம் மாசம் வரை, திடீர்னு ஒரே இடத்தில் குத்துற வலி. "எங்கே வலிக்குது"ன்னு கேட்டா உள்ளங்கையால தடவ மாட்டாங்க, ஒரு விரலால காட்டுவாங்க. அங்கே தொட்டா துள்ளுவாங்க. லேசான காய்ச்சல், வாந்தி, வெள்ளணு எண்ணிக்கை கூடும். இது ரெட் டிஜெனரேஷன். கட்டிக்குப் போற ரத்தம் போதாம, அதன் உள்பகுதி செத்து, ரத்தம் கசிஞ்சு சிவந்துபோறது. செத்த திசுவிலிருந்து புராஸ்டாகிளாண்டின்ங்கிற ரசாயனம் வெளியாகுது. வலியும் அதனாலதான், கூடவே கர்ப்பப்பை சுருங்க ஆரம்பிக்கிறதும் அதனாலதான்.

சிகிச்சை பெரிசா ஒண்ணும் இல்லை. ஓய்வு, சலைன், பாராசிட்டமால் 650 மி.கி. அல்லது 1 கிராம் 6 மணிக்கு ஒரு தரம், ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டாம. அடங்கலைன்னா டாக்டர் எழுதி ஊசி. சில நாளில் இறங்கும், சிலருக்கு ரெண்டு வாரம் இழுக்கும். திரும்பவும் வரலாம்.

ஆனா "கட்டி வலிதான்"னு முத்திரை குத்துறதுதான் வார்டில் நடக்கிற பெரிய தப்பு. கர்ப்பத்தில் குடல்வால் மேலே ஏறியிருக்கலாம், அதனால அப்பெண்டிசைட்டிஸ் வலி வழக்கமான இடத்தில் இல்லாமலும் இருக்கலாம். வலதுபக்கக் கட்டின்னா ரெண்டும் குழம்பும். சினைப்பை முறுக்கல், சிறுநீரகக் கல், சிறுநீரகத் தொற்று, நஞ்சு பிரிதல் எல்லாத்தையும் விலக்கணும். குறைஞ்சபட்சம் சிறுநீர் பரிசோதனை, ரத்த எண்ணிக்கை, குழந்தை இதயத் துடிப்பு, வலிக்கிற இடத்து மேலேயே ஸ்கேன் கருவியோட முனையை வச்சு ஒரு ஸ்கேன். வலி கட்டியின் மேல இல்லாம பக்கத்தில் இருந்தா சர்ஜனைக் கூப்பிடுங்க.

அன்னைக்கே ஏத்தி அனுப்ப வேண்டியது: ரத்தப்போக்கு எவ்வளவு குறைவா இருந்தாலும், வயிறு பலகை மாதிரி இறுகி விடாம இருந்தா, 10 நிமிஷத்துக்கு ஒரு தரம்னு கணக்கா வர்ற இறுக்கம், தண்ணி கசிவு, 38 டிகிரி செல்சியஸுக்கு மேல காய்ச்சல், குழந்தையின் அசைவு குறைஞ்சா, ஒரு கால் மட்டும் வீங்கி வலிச்சா. நஞ்சு பிரியும்போது ரத்தம் வெளியே வராம உள்ளேயே தேங்கலாம். வெளியே சொட்டுதான்னு ஏமாறாதீங்க, நாடித் துடிப்பைப் பாருங்க.

#5 | மாத்திரைப்பெட்டி

வலி மாத்திரையில் ஒரு சேர்க்கை. கடையில் "வயித்துவலி"ன்னு கேட்டா கைக்கு வர்றது மெஃப்டால் ஸ்பாஸ். அதில் மெஃபனமிக் அமிலம் இருக்கு. "காய்ச்சல் மாத்திரை"ன்னு வாங்குற காம்பிஃபிளாமில் ஐபுப்ரொஃபென் இருக்கு. டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் எல்லாம் அதே குடும்பம். 20 வாரத்துக்குப் பிறகு இவை குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிச்சுப் பனிக்குட நீரைக் குறைக்கும்னு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2020 அக்டோபரில் எச்சரிக்கை கொடுத்துச்சு. 30 வாரத்துக்கு மேல இன்னொரு ஆபத்து: குழந்தையின் இதயத்துக்குப் பக்கத்தில் திறந்திருக்க வேண்டிய ரத்தக்குழாய் முன்கூட்டியே மூடிக்கும். டாக்டர் சொல்லி எடுக்கிற குறைந்த அளவு ஆஸ்பிரின் இந்தத் தடையில் வராது, அதைப் பயந்து நிறுத்திடாதீங்க.

#6 | தையல்நூல்

@மாத்திரைப்பெட்டி சரிதான், ஆனா ஒரு திருத்தம். பாராசிட்டமாலுக்கு அடங்காத ரெட் டிஜெனரேஷனுக்கு அதே குடும்பத்து இண்டோமெத்தசின் 25 மி.கி. 6 மணிக்கு ஒரு தரம், 48 மணி நேரம், 32 வாரத்துக்கு முன்னாடின்னு கொடுக்கிற வழக்கம் இருக்கு. வலியின் மூலமே புராஸ்டாகிளாண்டின் என்பதால வேலை செய்யும். முழுசாத் தடைன்னு எழுதிட்டா நாளைக்கு வார்டில் டாக்டர் எழுதினதைப் பார்த்து நோயாளி மறுப்பாங்க.

#7 | மாத்திரைப்பெட்டி

மறுக்கலை டாக்டர். வார்டில் படுக்க வச்சு, 48 மணி நேரத்தைத் தாண்டினா பனிக்குட நீரை அளந்து கொடுக்கிறது ஒண்ணு. மருந்துக்கடையில் ஸ்ட்ரிப்பா வாங்கி வீட்டில் பத்து நாள் போடுறது இன்னொண்ணு. நான் சொன்னது ரெண்டாவது. 32 வாரம்ங்கிறதை 30-ன்னு வச்சுக்கிட்டா நான் சமாதானம், எஃப்டிஏ கோடும் அங்கேதான் இருக்கு.

#8 | துணைமையம்

இன்னும் நாலு. (அ) தனியாரில் வாரா வாரம் புரொஜெஸ்டிரோன் ஊசி எழுதறாங்க, "கட்டி இருக்கு, கரு தங்கணும்"னு. (ஆ) முழு படுக்கை ஓய்வு. (இ) கட்டி கரைக்கிற சூரணம், கஷாயம். (ஈ) 14 வாரத்தில் சிறுநீர் போகவே இல்லைன்னு வந்தா அது எதனால?

#9 | தையல்நூல்

(அ) ஃபைப்ராய்டு இருக்குங்கிறதுக்காக மட்டும் கொடுக்க ஆதாரம் இல்லை. புரொஜெஸ்டிரோன் அந்தக் கட்டிக்கே தீனி. ஸ்கேனில் கர்ப்பப்பை வாயின் நீளம் 25 மி.மீ.க்குக் குறைஞ்சா தினம் ராத்திரி 200 மி.கி. உள்ளே வைக்கிறது வேற விஷயம், அது குறைமாதப் பிரசவத்தைத் தடுக்க. (ஆ) ரத்தப்போக்கோ வலியோ இல்லாதவங்களைப் படுக்க வச்சா கட்டிக்கு ஒரு லாபமும் இல்லை. பெரிய கட்டி இடுப்பு ரத்தக்குழாயை ஏற்கனவே அழுத்திக்கிட்டு இருக்கு, அசையாமப் படுத்தா கால் நாளத்தில் ரத்தம் உறையலாம். நடக்கச் சொல்லுங்க. (இ) கர்ப்பத்தில் வேண்டாம். உள்ளே என்ன இருக்குன்னு எழுதாத பொட்டலம் எதுவும் வேண்டாம்.

(ஈ) இது நல்ல கேள்வி. பின்சுவரில் பெரிய கட்டி, கர்ப்பப்பை பின்னாடி சாய்ஞ்சது; 12-லிருந்து 16 வாரத்துக்குள்ள அது வயித்துக்குள்ள ஏற முடியாம இடுப்புக் குழியிலேயே மாட்டிக்கும். கர்ப்பப்பை வாய் முன்னாடி தள்ளி சிறுநீர்க் குழாயை அடைக்கும். சொட்டுச் சொட்டாப் போறதை "நீர்க்கடுப்பு"ன்னு ஆன்டிபயாடிக் கொடுத்து அனுப்பிடுவாங்க. அடிவயித்தில் கை வச்சா நிறைஞ்ச பை தெரியும். ஃபோலி கதீட்டர், அதாவது சிறுநீர் வடிக்கிற குழாய், போட்டு வடிச்சு, மேலே அனுப்புங்க. வடிச்ச பிறகு முழங்கால்-மார்பு நிலையில் இருக்க வச்சாலே பலருக்குக் கர்ப்பப்பை மேலே ஏறிடும்.

#10 | ஏழாம்வார்டு

ஹீமோகுளோபின் 9.8-ஐ யாரும் பேசலையே. இந்தக் கேஸில் இன்னைக்கே கை வைக்கக்கூடியது அது ஒண்ணுதான். பிரசவத்தில் ரத்தம் போற வாய்ப்பு கூடினவங்களை 9.8-உடன் மேசைக்கு அனுப்பக் கூடாது, 11-ஐத் தாண்டணும். இரும்புச்சத்து மாத்திரை, 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளது, காலையும் இரவும். டீ, காபி, கால்சியம் மாத்திரை எதுவும் அதோட சேரக் கூடாது, ரெண்டு மணி நேரம் தள்ளி. பூச்சி மாத்திரை அல்பெண்டசோல் 400 மி.கி. ஒரு தரம், நாலாம் மாசத்துக்குப் பிறகு. ஒரு மாசத்தில் 1 கிராம் கூட ஏறலைன்னா மாத்திரை வயித்துக்குள்ள போகலை அல்லது காரணம் வேற. மேலே அனுப்பி நரம்பு வழி இரும்பு. 36 வாரத்தில் கண்டுபிடிச்சா ஏத்துறதுக்கு நாளே இருக்காது.

வயித்தை டேப்பால் அளக்கிற உயரத்தையும் நம்பாதீங்க. பெரிய கட்டியால் அது வாரத்தை விடக் கூடக் காட்டலாம். குழந்தை வளராம நின்னாலும் டேப்பில் தெரியாமப் போகலாம். 28, 32, 36 வாரங்களில் வளர்ச்சி ஸ்கேன் எழுதுங்க.

#11 | கருப்புவெள்ளைத்திரை

36 வார ஸ்கேனில் கட்டியின் இடம் மாறியிருக்கும், ஆச்சரியப்படாதீங்க. கர்ப்பப்பையின் கீழ்ப்பாகம் கடைசி மாசங்களில்தான் நீண்டு விரியுது. 18 வாரத்தில் வாசலை மறிச்ச முன்சுவர்க் கட்டி அதோட சேர்ந்து மேலே இழுபட்டு, தலை கீழே இறங்க இடம் விட்டிருக்கும். கர்ப்பப்பை வாயிலேயே முளைச்ச கட்டி மட்டும் ஏறாது. 34-36 வாரத்தில் வேண்டியது ஒரே பதில்: குழந்தையின் தலைக்குக் கீழே கட்டி இருக்கா, மேலே இருக்கா? வயித்து வழியாத் தெளிவா தெரியலைன்னா கீழ்வழி ஸ்கேன்.

#12 | தையல்நூல்

தலை கட்டியைத் தாண்டி இறங்கிடுச்சுன்னா சாதாரணப் பிரசவத்துக்கு விடலாம், 7 செ.மீ.யா இருந்தாலும். இடம் சீமாங் மையம், அதாவது ரத்த வங்கியும் 24 மணி நேர தியேட்டரும் உள்ளது. ஆரம்ப சுகாதார நிலையம் வேண்டாம். குழந்தை குறுக்கே படுத்திருந்தா 37 வாரத்திலிருந்து ஆஸ்பத்திரியிலேயே இருக்கட்டும். வீட்டில் தண்ணி உடைஞ்சா முதல்ல வெளியே வர்றது தொப்புள்கொடியா இருக்கலாம்.

#13 | ஊசிமுனை

மயக்க மருந்துப் பக்கத்திலிருந்து. பட்டியலில் "சிசேரியன்"னு மட்டும் எழுதி அனுப்பாதீங்க, "கீழ்ப்பாகக் கட்டி, இத்தனை செ.மீ."ன்னும் சேர்த்து எழுதுங்க. கத்தி வைக்கும் வழக்கமான இடத்தில் கட்டி இருந்தா அதை வெட்டிக்கிட்டுப் போக முடியாது. உறையிலிருந்து ரத்தம் கொட்டும், கட்டியை எடுக்காம தைக்கவும் முடியாது. அப்போ கட்டிக்கு மேலே, செங்குத்தா வெட்ட வேண்டி வரும். நேரம் கூடும், ரத்தம் கூடும். ரெண்டு 16 அளவு நரம்பு ஊசி, பொருத்திப் பார்த்த ரத்தம் குறைஞ்சது 2 யூனிட், பெரிய கட்டின்னா 4, தியேட்டர் கதவுக்குள்ள இருக்கணும். ரத்த வங்கியில் "சொல்லி வச்சிருக்கு"ங்கிறது ரத்தம் ஆகாது.

ரத்தம் நிற்காததுக்குக் காரணம் கட்டி இருக்கிற சுவர் சுருங்க முடியாதது. அதனால வழக்கமான ஆக்சிடோசின் 10 யூனிட்டோட நிறுத்தி வேடிக்கை பார்க்க நேரமில்லை. ரத்தப்போக்கைக் குறைக்கிற டிரானெக்சாமிக் அமிலம் 1 கிராம் 10 நிமிஷத்தில், பிரசவமான 3 மணி நேரத்துக்குள்ள. கர்ப்பப்பையைச் சுருக்குற கார்போபுரோஸ்ட் 250 மைக்ரோகிராம் தசையில், 15 நிமிஷத்துக்கு ஒண்ணா அதிகபட்சம் 8. ஆஸ்துமா இருந்தா கூடாது. அதே வேலைக்கு மெத்தர்ஜின் 0.2 மி.கி.; உயர் ரத்த அழுத்தம் இருந்தா கூடாது. இந்த ரெண்டு கேள்வியையும் பிரசவ வலியில் கேட்காதீங்க, 30 வாரத்திலேயே அட்டையில் எழுதிடுங்க.

ஆணுறை பலூன், டாக்காவில் பேராசிரியர் சாயிபா அக்தர் உருவாக்கினது, 250-லிருந்து 500 மி.லி. சலைன் நிரப்பி உள்ளே வைப்போம். நம்ம ஊரில் உயிர் காக்கிற சாமான் அது. ஆனா உள்ளறை கட்டியால கோணியிருந்தா சுவரில் ஒட்டாது, ஒரு மூலையில் நின்னுடும். பலூன் வச்சாச்சுன்னு சாஞ்சு நிக்காம அடுத்த படிக்குத் தயாரா இருக்கணும்: கர்ப்பப்பையை அமுக்கிக் கட்டுற பி-லிஞ்ச் தையல், கர்ப்பப்பைத் தமனிக் கட்டு, கடைசியா கர்ப்பப்பையை எடுக்கிறது. அதுக்கும் சேர்த்தே கையெழுத்து வாங்கி வைங்க.

#14 | மாத்திரைப்பெட்டி

வயித்தைத் திறந்தாச்சு, அப்படியே கட்டியையும் எடுத்துடலாமேன்னு வீட்டில் கேட்பாங்களே?

#15 | தையல்நூல்

கேட்பாங்க, சில இடத்தில் எடுக்கவும் செய்றாங்க. காம்புள்ள கட்டி, வெட்டுக் கோட்டிலேயே இருக்கிற கட்டி, சரி. ரத்தமும் அனுபவமும் உள்ள இடத்தில் தேர்ந்தெடுத்த சிலருக்குச் செய்ய முடியும்னு ஆய்வுகளும் வந்திருக்கு. ஆனா ஆழமான 7 செ.மீ. இன்ட்ராமியூரல் கட்டியை அதே நேரத்தில் தோண்டுறதுக்கு நான் எதிரி. பிரசவத்துக்குப் பிறகு நிறையப் பேருக்கு அது தானாவே சுருங்குது. தேவைன்னா சாவகாசமா, சுருங்கின கட்டியை, ரத்தம் குறைவாப் போற நேரத்தில் எடுக்கலாம்.

#16 | ஊசிமுனை

இதில் நம்ம ரெண்டு பேருக்கும் சண்டையே இல்லை டாக்டர்.

#17 | மஞ்சள்அட்டை

ஏற்கனவே ஃபைப்ராய்டு ஆபரேஷன் ஆனவங்க கர்ப்பமானா இதே விதியா?

#18 | தையல்நூல்

இல்லை, அங்கே பயம் தழும்பு. கட்டியை எடுக்கும்போது உள்ளறை வரை திறந்திருந்தா, அல்லது சுவரில் ஆழமா பல இடத்தில் வெட்டியிருந்தா, வலி எடுக்க விடாம 37-லிருந்து 38 வாரத்துக்குள்ள சிசேரியன். வெளிப்பக்கக் கட்டியை மட்டும் எடுத்திருந்தா சாதாரணப் பிரசவத்துக்குத் தடை இல்லை. எது நடந்ததுன்னு தெரிய டிஸ்சார்ஜ் சம்மரி போதாது, ஆபரேஷன் குறிப்பு வேணும். "உள்ளறை திறக்கப்பட்டதா"ங்கிற ஒரு வரியை அதில் தேடுங்க. லேப்ராஸ்கோப்பில் செய்திருந்தாலும் உள்ளே தையல் தையல்தான். வெளியே மூணு சின்னப் புள்ளி இருக்கேன்னு ஏமாறாதீங்க. சிசேரியனில் செங்குத்தா வெட்டினவங்களுக்கு அடுத்த கர்ப்பத்தில் இன்னும் முன்னாடி, 36-37 வாரத்தில்.

#19 | துணைமையம்

கடைசியா ஒண்ணு. பிரசவம் முடிஞ்சு அட்டையில் "பிரசவ மேசையிலேயே காப்பர்-டி"ன்னு வருது. கட்டி உள்ளவங்களுக்குப் போடலாமா? வீட்டுக்குப் போன பிறகு எதைப் பார்க்கணும்?

#20 | ஏழாம்வார்டு

உள்ளறை கோணலா இல்லைன்னு ஸ்கேனில் இருந்தா காப்பர்-டி தாராளமாப் போடலாம். கோணியிருந்தா உலக சுகாதார அமைப்பின் பட்டியலில் அது நாலாம் வகை, கூடாது. சரியான இடத்தில் உட்காராது, வெளியே வந்துடும். அவங்களுக்குப் பால் கொடுக்கும்போதும் 6 வாரத்துக்குப் பிறகு அந்தராங்கிற கருத்தடை ஊசி போடலாம்.

வீட்டில்: முதல் 10 நாள் காய்ச்சல், நாத்தமுள்ள போக்கு, வயித்தில் ஒரே இடத்தில் வலி மூணும் சேர்ந்தா கட்டிக்குள்ள சீழ் வச்சிருக்கலாம், அபூர்வம்னாலும் ஆபத்து. பிரசவத்துக்குப் பிறகும் ரெட் டிஜெனரேஷன் வரும். கர்ப்பப்பை எதிர்பார்த்த வேகத்தில் இறங்காது. 10-ஆம் நாளில் தொப்புளுக்குக் கீழே கடினமா கையில் தட்டுப்பட்டா அது கட்டியா, தங்கின நஞ்சுத் துண்டான்னு ஸ்கேன்தான் சொல்லும், கையால முடிவு பண்ணாதீங்க. எல்லாம் சரியா இருந்தா 3-லிருந்து 6 மாசத்துக்குள்ள ஒரு ஸ்கேன், அதே மூணு பக்க அளவோட. பழைய ரிப்போர்ட்டையும் கையில் கொடுத்து அனுப்புங்க.